ஹிட்ச் தாங்கும், வண்டி தாங்குமா?

முரளி எங்கள் பட்டறைக்கு வந்த முதல் நாளே தவுக்கே தன் கையால் அவனுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஜொகூர் பாருவில் அந்தச் சீன முதலாளியிடம் நான் பல வருடங்களாக மோட்டார்ஹோம் கட்டிக்கொண்டிருந்தேன். வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர் டாங்கி எல்லாம் வைத்து அதை ஓடும் வீடாக்குவதுதான் எங்கள் தொழில். எனக்கு அவர் ஒருநாளும் கோப்பி தந்ததில்லை.

முரளி சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். வெல்டிங் சுத்தமாக இருக்கும். பேச்சு அதைவிடச் சுத்தம். ஃபோர்மேன் வேலை காலியாகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் தேவதாஸ் அங்கிளும் அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டியும் வந்தார்கள். அவர்களுடைய மோட்டார்ஹோம் நான் கட்டியது. பின்னால் ஹிட்சில், அதாவது இழுவைக் கொக்கியில், ரேக் மாட்டி, வீட்டிலிருந்த கப்சாய் மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றிப் போக அங்கிளுக்கு ஆசை. பெரிய வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மூவார் ஊர்ச் சந்துகளில் கப்சாயில் சுற்றிச் சாப்பிடலாம்.

"வேணாம் அங்கிள், முடியாது" என்றேன்.

"ஏன்யா? ஹிட்ச்சுல நூத்தம்பது கிலோன்னு போட்டிருக்கே!"

"அது ஹிட்ச் தாங்குற வெயிட். உங்க வண்டி தாங்காது."

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பின் சக்கரத்தைத் தாண்டித் தொங்கும் பாரம் சீசா பலகை போல வேலை செய்யும். பின் ஆக்சிலை அமுக்கும், முன் ஆக்சிலைத் தூக்கும். அந்த வண்டியில் தண்ணீர் டாங்கியும் பின்னால்தான். அது நிரம்பினாலே பின் ஆக்சில் லிமிட்டை நெருங்கிவிடும். அதற்கு மேல் கப்சாயும் ரேக்கும் ஏறினால் முன் சக்கரங்களுக்கு ரோட்டில் பிடி குறையும்.

இதையெல்லாம் அங்கிளுக்கு நான் விளக்கவில்லை. அவர் முகம் வாடியது. அடுத்த வண்டியில் வேலை செய்துகொண்டிருந்த முரளி எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அங்கிள், இங்க வாங்க. போலே லா, முடியும்! நான் பண்ணித் தரேன்."

தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். "உனக்கு எப்பவும் தா போலே, முடியாது. முரளிக்கு எப்பவும் போலே" என்று சிரித்தார்.

ரேக் மாட்டிய அன்று ஆன்ட்டி முரளிக்குக் கேக் கொண்டுவந்தார். நான் கட்டிய வண்டியின் முன்னால் அவனை நிற்கவைத்துப் படம் எடுத்தார். கேக்கில் ஒரு துண்டு என் கைக்கும் வந்தது. தின்ன மனமில்லை.

சில வாரங்கள் கழித்து அங்கிள் போன் செய்தார். காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து வளைவு, நல்ல மழை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகப் போய் வடிகாலில் இறங்கியிருந்தது.

நானும் முரளியும் போனோம். அவன் மழையையும் ரோட்டையும் சாக்குச் சொல்வான், அப்போது 'நான் அன்னைக்கே சொன்னேனே' என்று ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேன்.

ஆன்ட்டி வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றிருந்தார். முரளி நேரே அவரிடம் போனான்.

"தப்பு என்னோடது ஆன்ட்டி. ராஜண்ணன் வேணாம்னு சொன்னாரு. நான்தான் கேக்கல."

அங்கிள் அவன் தோளில் கை வைத்தார். "விடுப்பா, உயிருக்கு ஒண்ணும் ஆகல." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னது சரிதான் ராஜன்" என்றார். அவ்வளவுதான். என் தோளுக்கு அந்தக் கை வரவில்லை. தப்பு செய்தவன் மன்னிப்புக் கேட்ட அழகைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

வண்டியைச் சரிசெய்த பிறகு முரளி என்னைத் தேடி வந்தான். "அண்ணே, வெயிட் போடும்போது நீங்க கூட இருங்க." டாங்கியை நிரப்பி, அங்கிள், ஆன்ட்டி இருவரையும் உட்காரவைத்து, கப்சாயை ஏற்றி எடை போட்டோம். பின் ஆக்சில் லிமிட்டைத் தாண்டியிருந்தது. ரேக்கை அவனே கழற்றினான். கப்சாய்க்குப் பதிலாக இரண்டு மடக்கு சைக்கிள்களை வண்டிக்குள், ஆக்சிலுக்கு முன்னால் கட்டிக் கொடுத்தோம்.

ஃபோர்மேன் வேலை முரளிக்குத்தான் கிடைத்தது. யாராவது பின்னால் ரேக் கேட்டால், "ராஜண்ணன் வெயிட் பாத்துச் சொல்லட்டும்" என்பான். பொறாமை இன்னும் போகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, ஹிட்ச் தகட்டில் எழுதியிருக்கும் எடையை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றப்போவதை எல்லாம் ஏற்றி, இரண்டு ஆக்சிலையும் தனித்தனியாக எடை போடுங்கள். முடியாது என்று சொன்னால், கேட்டவரை உட்காரவைத்து ஏன் என்றும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவர் அடுத்த ஆளிடம் போவார். அங்கே நிற்பவனுக்குச் சிரிக்கத் தெரிந்திருக்கும்.