நல்லா சாப்புடுதுக்கா

வல்லம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எனக்குக் கொடுத்த அறையில் அதற்கு முன் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், காதில் மாட்ட ஒரு ஹெட்போன், தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் போடும் ஃபேன். ‘குழந்தைகள் நல டிஜிட்டல் செவிலியர்’ என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். அந்தப் பெயரை முழுதாகச் சொன்ன ஆள் ஒருவரும் கிடையாது. எல்லோருக்கும் நான் செல்லு நர்ஸ்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் காய் வாங்கிக்கொண்டு நின்றால், “தோ, செல்லு நர்ஸம்மா நிக்குது பாரு” என்று யாராவது கை காட்டுவார்கள். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அதுதான் குறையாக இருக்கிறது.

அதற்கு முன் பல வருடம் ஸ்கூட்டியில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவள் நான். புது வேலையில் வீடுகள் என் காதுக்கு வந்தன. வாரம் ஒருமுறை, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களின் செல்லுக்கு ஒரு அழைப்பு போகும். பிள்ளை சாப்பிடுகிறதா, பால் குடிக்கிறதா, காய்ச்சல் உண்டா, வயிற்றால் போகிறதா என்று பதிவு செய்த குரல் கேட்கும். அவர்கள் பேசும் பதிலை நான் கேட்டு, பயப்பட வேண்டிய பிள்ளைக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் குறிக்க வேண்டும். சிவப்பு விழுந்தால் அந்த ஊர் நர்ஸ் அன்றைக்கே போய்ப் பார்ப்பார். கேள்வி கேட்ட குரலும் என்னுடையதுதான். ‘இன்னா’ வரக்கூடாது, ‘புள்ள’ வரக்கூடாது என்று மாவட்ட அலுவலகத்தில் உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். “யாருக்கா அது, டீவில நியூஸ் படிக்கிறவங்களா?” என்று தாய்மார்கள் என்னிடமே கேட்டார்கள்.

முதல் வாரம் திரை முழுக்கச் சிவப்பு. ஆகாமல் என்ன செய்யும்? எங்கள் பக்கத்தில் எந்தத் தாயாவது தன் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று வாயால் சொல்வாளா? கண்ணு பட்டுவிடாதா? “எங்கக்கா சாப்புடுது? ஒரு வாய் உள்ள போவ மாட்டேங்குது. எலும்பும் தோலுமா கெடக்குது” என்று ஒருத்தி புலம்புவாள். அவள் பின்னாலேயே அந்த எலும்பும் தோலும் தட்டைத் தட்டி இன்னும் கேட்டுக் கத்தும். போட்டோ அனுப்பச் சொன்னால் பாதத்தை மட்டும் எடுத்து அனுப்புவார்கள். முகத்தை அனுப்பினால் கன்னத்தில் ரூபாய் அகலத்துக்கு மைப்பொட்டு இருக்கும்.

மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, உங்க பக்கத்துல ஒரு கொழந்தைகூடச் சாப்புடறதில்லையா? பஞ்சமா?” நான் விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். “அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?” என்றார். “கொரல வச்சுதான் சார்” என்றேன். அது உண்மை. சலிப்பாகச் சொல்லும் ‘சாப்புடல’ வேறு, பயந்து சொல்லும் ‘சாப்புடல’ வேறு. கொஞ்ச நாளில் என் காதுக்கு அது பிடிபட்டுவிட்டது. பின்னால் ஓடும் மிக்சி, கூவும் சேவல், ரேஷன் கடைக்குக் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லாமே கேட்கும். ஒரு வீட்டையும் பார்க்காமல் எல்லா வீட்டிலும் உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும். அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் புலம்பல்களுக்கு நடுவே ஒரே ஒரு குரல் மட்டும் வேறு மாதிரி வந்தது. சிங்கவரத்துப் பெண், சின்ன வயசு. பிள்ளை பிறந்து எட்டு மாதம். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, வீட்டில் இவளும் மாமியாரும்தான். “நல்லா சாப்புடுதுக்கா. நல்லா பால் குடிக்குது. நல்லா தூங்குது.” எல்லா வாரமும் இதே பதில், பச்சை. “ஒரு தாயாவது ஒழுங்கா பதில் சொல்றாங்களே” என்று அதிகாரிக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. சோப்பு விளம்பரத்தில் வரும் அம்மாதான் அப்படிப் பேசுவாள். சிங்கவரத்து அம்மா பேசமாட்டாள்.

மல்லாட்டை பிடுங்கும் சமயம் அது, வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு நாள் அவளுடைய பதில் வந்தது. “நல்லா சாப்புடுதுக்கா. நல்லா வெளையாடுது.” பச்சை குறிக்கப் போன கை நின்றுவிட்டது. பேச்சுக்கு அடியில் வேறு ஏதோ சத்தம் இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. பசிக்கு அழுதாலும் பிடிவாதத்துக்கு அழுதாலும் பிள்ளை தம் கட்டி அழும். இது கண் திறக்காத பூனைக்குட்டி முனகுவதுபோல இருந்தது, அழக்கூடத் தெம்பில்லை.

உடனே போன் போட்டேன். “புள்ள எப்படிம்மா இருக்குது?”

“நல்லா இருக்குதுக்கா” என்றாள். அவள் குரல் நடுங்கியது. போன் கட்டாகிவிட்டது.

அந்த ஊர் நர்ஸ் அன்றைக்கு லீவு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். வழியெல்லாம் அவளை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

வீட்டில் மாமியார் இல்லை, விடியற்காலையிலேயே மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டாள். இவள் வாசப்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது, உச்சிக்குழி பள்ளம் விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், கிள்ளியபடியே நின்றது. “இன்னாடி இது?” என்று கத்தினேன். என்னைப் பார்த்து, “நல்லாதான்க்கா இருக்குது” என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஊற்றுகிறது, வாய் அப்படிச் சொல்கிறது. புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். “அவ சொல்ல மாட்டாக்கா. மொதப் புள்ளைக்கு முடியாம இருந்தப்ப, சாப்புடல, தேறாது போலக்குதுன்னு பொலம்பிக்கினே இருந்தா. அது செத்துப் பூடுச்சி. அவ மாமியா, நீ கருநாக்குக்காரி, உன் வாயாலயே புள்ளைய அனுப்பிட்டேன்னு சொல்லிட்டா. அதிலேருந்து புள்ளையப் பத்தி ஒரு கெட்ட வார்த்த பேச மாட்டா.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாமியார் அப்போது எதிரில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து, சொட்டுச் சொட்டாகப் பிள்ளையின் வாயில் விடச் சொல்லி, இருவரையும் ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்ததும் ஆட்களைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டே கேட்டார். “எப்பலேருந்து போவுது? வாந்தி உண்டா? ரத்தம் கலந்து போச்சா? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?”

நான் என்ன சொல்வேன்? எனக்கு எதுவும் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் என் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “சொல்லும்மா” என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டினாள். “சொல்லித் தொலையேன்டி” என்று நான் கத்தினேன். முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு என் மேல் பயமில்லை. அவள் பயந்தது தன் வாய்க்கு. அது புரிந்ததும் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

மேசையில் இருந்த டார்ச்சை எடுத்தேன். அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.

“வாயத் தொற. நாக்க நீட்டு.”

திகைத்துப்போய் நீட்டினாள். லைட் அடித்து, நுனி, நடு, அடிநாக்கு, இரண்டு ஓரம் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“செக்கச்செவேல்னு இருக்குது. பொட்டு கறுப்பு இல்ல” என்றேன். “எத்தினி வருசமா வாய்க்குள்ள லைட் அடிச்சுப் பாக்கறவ நானு. மாமியாளுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? உன் நாக்குல ஒண்ணும் இல்ல. இப்ப சொல்லு.”

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

“முந்தாநேத்து சாய்ங்காலத்துலேருந்து போவுது” என்று ஆரம்பித்தாள். “தண்ணியா போவுது. குடிச்சதெல்லாம் கக்கிடுது. ரத்தம் இல்ல. நேத்து மதியத்துக்கப்புறம் ஒண்ணுக்கே போவல. புள்ள, என் நைனா, என்னைப் பாக்கவே மாட்டேங்குதுக்கா.” ஒவ்வொரு வார்த்தைக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. டாக்டரம்மா கேட்டுக்கொண்டே மருந்தளவைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது நான் மாவட்ட அலுவலகத்தில் புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வல்லத்து அறையில் ஏசி போட்டுவிட்டார்களாம். தாய்மார்களின் பதிலை இயந்திரமே கேட்டு, அதுவே சிவப்பும் பச்சையும் போட்டுவிடுகிறது. நல்ல இயந்திரம், குறை சொல்லமாட்டேன். வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் இந்தப் பெண்ணின் கதையைச் சொல்வேன். கேட்பவர்கள் டார்ச் இடம் வந்ததும் சிரிப்பார்கள். அதற்கு மேல் நான் சொல்வதில்லை, வகுப்பை அதோடு முடித்துவிடுவேன்.

பிள்ளையைச் சேர்த்த மறுநாள் வார்டுக்குப் போனபோது பிள்ளை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் எழ முயன்றாள், வேண்டாம் என்று கை காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் என் காதோரம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி சொன்னாள்.

“நான் வாயால சொல்லியும் பொழைச்சிடுச்சிக்கா.”

“சொன்னதாலதான்டி பொழைச்சுது” என்றேன்.

அவள் பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டு, “அப்ப பெரியவன்?” என்றாள். “அவனையும் என் வாய் அனுப்பலையாக்கா?”