கவுன்சிலுக்குப் போன் போட்ட எம்லின்

ட்ரியார்க்கி ஊரில் காலமெல்லாம் பஸ் ஓட்டிய எம்லின் பார்ஃபிட்டுக்கு வாயில் எதுவும் நிற்காது. பஸ் தாமதமானால் மற்ற டிரைவர்கள் மழையைச் சொல்வார்கள், சாலையை மறித்த ஆடுகளைச் சொல்வார்கள். இவர் மட்டும், "தூங்கிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்பார். சேப்பல் வாசலில் பாதிரியாரின் கையைக் குலுக்கிக்கொண்டே, "இன்னைக்குப் பிரசங்கம் கொஞ்சம் நீளம்தான் ஐயா" என்பார். மனைவி மென்னா கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

மென்னாவின் முழங்கால் மாடிப்படியோடு சண்டை போட ஆரம்பித்ததும் வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. போர்த்காலில், கடலுக்குப் பக்கத்தில், படியே இல்லாத ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். இது விலைபோனால்தான் அது. வாங்குகிறவர்களும் தயார். வீட்டைச் சோதிக்க அவர்கள் அனுப்பிய ஆள் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருந்த சுவர் எங்கே?

ரக்பி பார்க்க வருகிறவர்களுக்கு உட்கார இடம் பத்தவில்லை என்று அதை இடித்து வெகு காலமாகிறது. கவுன்சிலிடம் அனுமதியும் கேட்கவில்லை, சான்றிதழும் வாங்கவில்லை. அந்தத் தெருவில் யார்தான் வாங்கினார்கள்?

வக்கீல் ரியானன் போனில் சிரித்தாள். "இது தினம் வர்றதுதான் மிஸ்டர் பார்ஃபிட். பின்னால கவுன்சில் கேள்வி கேட்டா செலவை ஏத்துக்கற மாதிரி சின்னதா ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக் குடுத்துட்டா அவங்க பேசாம கையெழுத்துப் போட்டுடுவாங்க. ஆனா கவுன்சில் காதுக்கு மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தராது. நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

யாரிடம் போய்ச் சொன்னாள் பாருங்கள்! எம்லினுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மென்னா கடைக்குப் போன நேரம் பார்த்து, கவுன்சிலுக்கே போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வெக்க மறந்துட்டாங்களே!" மென்னா கெட்டிலை ணங்கென்று வைத்தாள். "இனிமே இன்சூரன்ஸும் கிடையாது. சுவர் இருந்த இடத்துல மாடியைத் தாங்க மேல இரும்பு உத்தரம் இல்லைன்னா வாங்க வந்தவங்களும் ஓடிடுவாங்க. நான் இந்தப் படியிலயே தவழ்ந்து சாகணும், அதானே?"

"இரும்பு இருக்கு. சுவரை இடிச்சப்பவே கொத்தன் டில்வின் வெச்சான்."

"நீ பாத்தியா?"

"பாக்கலை. அன்னைக்கு எனக்கு டியூட்டி. நான் வர்றதுக்குள்ள பூசி முடிச்சுட்டான்."

"டில்வினா? கோழிக்கூண்டு கட்டி முதல் காத்துலயே பறக்க விட்டானே, அவனா?"

டில்வினைக் கேட்கலாம் என்றால் அவன் போய்ச் சேர்ந்தே வருடங்களாகிவிட்டன.

கவுன்சில் அதிகாரி வந்தார். ஏணி போட்டு ஏறி, மேல்பலகையில் ஒரு சதுரம் வெட்டி, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். எம்லின் மென்னாவின் முழங்காலைப் பார்த்தபடி நின்றார். நல்லவன் என்று பேர் வாங்கப் போய் இவளுடைய கடலைக் கெடுத்துவிட்டோமே என்று தோன்றியது.

"இருக்கு," என்றது மேலிருந்து குரல். "நல்ல கனமான இரும்பு. ரெண்டு பக்கமும் ஒழுங்கா உக்காந்திருக்கு. தீ தாங்கற பலகை மட்டும் போட்டு மூடிடுங்க, சான்றிதழ் குடுத்துடலாம்."

எம்லின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மென்னா இடுப்பில் கைவைத்து அதிகாரியை முறைத்தாள்.

"இருக்காம எங்க போகும்? டில்வின் கை வெச்ச வேலையாச்சே! எனக்கு ஒரு நாளும் சந்தேகமே வந்ததில்லை. இல்லையா, எம்லின்?"

எம்லின் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "டீ போடறேன்" என்று எழுந்து போனார்.