லோகநாயகியின் வலிக்குப் பேர் கிடைத்தது

கோட்டைக்குப்பம் லோகநாயகி பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்பவள். உயிர் நண்டின் கொடுக்கை மடக்கிக் கட்டுவதில் அவள் வேகம் யாருக்கும் வராது. ஆனால் மாதவிலக்கு வந்தால் அடிவயிறு முறுக்கும். மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், டச்சுக் கல்லறை வரை நடப்பதற்குள் இரண்டு தடவை ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவாள். பதினோரு வருஷமாக இதே கதை. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையும் இல்லை.

"பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. இரண்டு இடத்தில் ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். புருஷனைத் தவிர மற்றவர்கள் அவள் நடிக்கிறாள் என்றே நினைத்தார்கள்.

பொன்னேரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ரோசி, ஸ்கேன் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"வெளிக்குப் போறப்ப வலிக்குதா? அந்த நாள்ல மட்டுமா?"

லோகநாயகி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "ஆமா டாக்டர்! அந்த நாள்ல மட்டுந்தான்! உங்களுக்கு எப்டித் தெரியும்?" புருஷன் தாமோதரனின் தோளைத் தட்டினாள். "கேட்டியாய்யா?"

உள்பரிசோதனை செய்த பிறகு டாக்டர் விளக்கினார். "கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற படலம் மாதிரியே வெளியிலயும் வளர்ந்திருக்கலாம்னு சந்தேகப்படறேன். சின்னத் திட்டா இருந்தா ஸ்கேன்ல தெரியாது. மாத்திரை குடுத்துப் பாக்கலாம், ஆனா அதைச் சாப்பிடற வரைக்கும் கரு தங்காது. உனக்குக் குழந்தையும் வேணும். தொப்புள்கிட்ட சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பாப்போமா? இருந்தா அப்பவே எடுத்துடலாம்."

"பாத்துடுங்க!"

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவள் கேட்டாள்: "இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. கர்ப்பப்பைக்குப் பின்னால, குடலை ஒட்டி. எடுத்துட்டோம். டெஸ்ட்டுக்கும் அனுப்பியிருக்கோம்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"யோவ், இருந்துச்சாம்யா!" தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். தாமோதரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பத்து நாளில் டெஸ்ட் முடிவும் வந்தது. எண்டோமெட்ரியோசிஸ். திரும்ப வரலாம், அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் ரோசி எச்சரித்தார்.

இரண்டு மாதம் கழித்து, விலக்கான இரண்டாம் நாளே லோகநாயகி மார்க்கெட்டில் இருந்தாள். லேசான வலிதான். மத்தியானத்துக்குள் நண்டு தீர்ந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. மீன்காரப் பெண்களைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்து, "எண்டோ... மெட்ரி... யோசிஸ். எங்க, சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.