கல்லறைப் பூவில் கட்டிய கலியாண மாலை

என் கலியாணத்துக்குத் திட்டம் போட ஊரே கூடியது. என்னைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு பக்கம் வரப்போகிற மாமியார். போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு அந்தத் தெருவையே ஆட்டிப்படைத்த விதவை. மறுபக்கம் என் அண்ணன். பொலிதேயாமாப் பக்கம் அலுவலகங்கள் துடைக்கிறவர். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் போருக்குள் அகப்பட்டிருந்தார்கள். இத்தாலியின் சிசிலித் தீவில், இந்தப் பலெர்மோவில் எனக்கென்று இருந்த ஒரே இரத்தம் அண்ணன்தான். தேவாலயத்துக்குள் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போக அவரை விட்டால் ஒருவரும் இல்லை.

நான் கட்டப்போகிறவர் சிசிலியன், மொண்டெல்லோக் கடற்கரையில் குடை வாடகைக்கு விடுகிறவர். அண்ணன் அவரைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, முறை சொல்லியும் கூப்பிடவில்லை. "உந்தக் குடைக்காரன்" என்பார், அவ்வளவுதான். இரண்டு மாதம் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "செய்யிறதெண்டால் முறையாச் செய்வம்" என்றார். முறை என்னவென்று அவருக்கும் சரியாகத் தெரியாது. அதற்காக அதிகாரம் பண்ணாமல் விடுவாரா?

நாங்கள் நாள் பார்ப்பதைக் கேட்டு மாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த வாயாலேயே, வெள்ளிக்கிழமை கலியாணம் கூடவே கூடாது, செவ்வாயும் ஆகாது என்றார். செவ்வாயில் மட்டும் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. சாவைப் பற்றி யாராவது வாய் திறந்தால் உடனே தொடுவதற்கென்று கைப்பையில் ஓர் இரும்புச் சாவி வேறு வைத்திருந்தார். மூடநம்பிக்கை என்பது மற்றவன் வீட்டுச் சரக்கு.

சாப்பாடு மரக்கறியாக இருக்க வேண்டும் என்றார் அண்ணன். மாமியார் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டு, "அப்படியானால் மீன் மட்டும் வைக்கிறேன்" என்றார். உடுப்புக்கும் இதே கதி. கூறைச் சேலை, அதன் மேல் தலையில் வெள்ளை வலை. கண்ணாடியில் பார்த்தபோது கொசுவலைக்குள் அகப்பட்ட அம்மன் மாதிரி இருந்தேன். தாலிக்குப் பாதிரியார் தடை சொல்லவில்லை. இங்கே வந்திருந்த மன்னார்க் கத்தோலிக்கச் சனம் அவரை ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தது.

கடற்கரை வேலை ஓய்ந்த பிறகுதான் எல்லோருக்கும் வசதி என்று கலியாணத்தை நவம்பர் முதல் வாரத்தில் வைத்தார்கள். மாலைக்குப் பூ இல்லையே என்று அண்ணன் அலைந்தார். கலியாணத்துக்கு முதல் நாள் இரண்டு கூடை மஞ்சள் செவ்வந்தியைச் சுமந்துகொண்டு என் அறைக்கு ஓடி வந்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, ஊர் முழுக்க எங்கடை பூ! மல்லிகை ஆருக்கு வேணும்?"

ஊர் முழுக்க ஏன் செவ்வந்தி என்று எனக்குத் தெரியும். அது இறந்தவர்கள் திருநாள் முடிந்த வாரம். இங்கே செவ்வந்தியைக் கல்லறையில் வைப்பார்கள், வேறெங்கும் வைக்க மாட்டார்கள். நான் வேலை செய்த வீட்டு எசமானி, தெரியாமல் ஒரு கொத்து வாங்கிப்போன என்னை வாசலிலேயே நிறுத்திக் கத்தியிருக்கிறாள். இவ்வளவும் தெரிந்தும் அண்ணனிடம் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டை. அவர் இருந்து கட்டி முடிக்கும்வரை நூல் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த நாள் தேவாலயப் படியில் கூடையைத் திறந்ததும் மாமியார் போட்ட கூச்சலில் புறாக்கள் எழும்பின. "சவப் பூ! என் மகன் கழுத்துக்குச் சவப் பூ! இது உள்ளே வரக் கூடாது!" கை சாவியைத் தேடியது. என்னைப் பார்த்து, "நான்கு வருடம் இங்கே இருக்கிறாய், உனக்குமா தெரியாது?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

அண்ணனுக்கு அந்தளவு இத்தாலியன் விளங்கும். என் முகத்தைப் பார்த்தார். நான் பொய் சொன்னால் அவருக்குப் பிடிபடாமல் போனதே இல்லை. "மாலை உள்ளுக்கு வராட்டி நானும் வரேல்லை" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அத்தனை பேரையும் மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டு திரிந்த கெட்டிக்காரி நான், தேவாலயத்தின் நடுப்பாதையில் தன்னந்தனியாக நடந்தேன். அந்தப் பாதை அவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லவில்லை. தாலி ஏறும்போது அழுதேன். சந்தோசத்தில் அழுகிறாள் என்று முன்வரிசைக் கிழவிகள் உச்சுக்கொட்டினார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். வழக்கப்படி எல்லோரும் எங்கள் மேல் அரிசியை அள்ளி வீசினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் அண்ணன் தெப்பமாக நனைந்து, கூடையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவர் போகவே இல்லை.

மேலே வந்து ஒரு மாலையை என் கழுத்தில் போட்டார். மாமியார் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். பிடுங்கி எறியப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் இடது கையில் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் என் கழுத்தில் முறுக்கிக்கொண்டு கிடந்த மாலையை நேராக்கிவிட்டார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"இத்தனை மாசத்துக்குப் பிறகு நேற்றுத்தான் சிரிச்சனீங்கள், அண்ணை."

அவர் கூடைக்குள் கையை விட்டார். மற்ற மாலையை எடுத்து என் கையில் தந்தார்.

"இந்தா, மாப்பிள்ளைக்கு நீ போடு."