முன்னால் நடந்த கணவரும் என் வதிவிட அட்டையும்

சென்ற ஆண்டு ஆவணி மாதம், பெர்லின் விமான நிலையத்தில் நடந்தது இது. மறுநாள் டப்ளினில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் யாழ்ப்பாணத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாக நிற்க வேண்டும். தாலிக்கொடி கட்டும்போது மணமகளின் பின்னால் நின்று பூட்ட உதவுபவள் அவள்தான். தம்பிக்கு இருக்கும் ஒரே அக்கா நான்.

என்னிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. என் கணவரும் யாழ்ப்பாணத்தவர்தான், ஆனால் பிரெஞ்சுக் குடிமகன். ஹனோவரில் வேலை பார்க்கிறார். அதனால் ஐரோப்பியக் குடிமகனின் குடும்பத்தவருக்கான வதிவிட அட்டை எனக்குக் கிடைத்தது. அது இருந்தால் அயர்லாந்துக்குத் தனி விசா தேவையில்லை. இதை உறுதிப்படுத்த எத்தனை இடத்துக்கு மின்னஞ்சல் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் கணவருக்கு ஒரு பழக்கம். எங்கே போனாலும் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார். நான் எப்படியும் பின்னால் வந்து சேர்வேன் என்று அப்படியொரு நம்பிக்கை. அன்றும் இணையத்தில் எடுத்த போர்டிங் பாஸும் தன் கைப்பையுமாகப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போய்விட்டார். பலகாரப் பெட்டியை இழுத்துக்கொண்டு கவுண்டர் வரிசையில் நின்றது நான்.

கவுண்டரில் இருந்த இளைஞர் கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, விசா எங்கே என்றார். அட்டையை நீட்டினேன். இது ஜெர்மனிக்கு மட்டும்தான் என்றார். இல்லை என்று விளக்கினேன். கணினி விசா கேட்கிறது என்றார். மறுபடியும் விளக்கினேன், மறுபடியும் கணினி விசா கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலதிகாரியைக் கூப்பிட்டால்தான் நகர்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

வந்த பெண் அதிகாரி அட்டையைத் திருப்பிப் பார்த்தார், திரையில் எதையோ வாசித்தார், நான் சொல்வது சரிதான் என்றார். அந்த இளைஞரை நான் ஒரு பார்வை பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பெண், உங்கள் கணவர் எங்கே என்று கேட்டார். கணவரோடு சேர்ந்து போனால்தான் விசா தேவையில்லை, தனியாகப் போனால் வேண்டுமாம். எங்கள் இருவரின் குடும்பப் பெயரும் வேறு வேறாக இருந்ததும் இடித்தது. எங்கள் ஆட்களுக்கு அவரவர் அப்பாவின் பெயர்தானே! நல்லவேளை, கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கைப்பையில் இருந்தது. கணவர்தான் இல்லை.

கைபேசியில் கூப்பிட்டேன்.

"எங்க நிக்கிறீர்? நான் கேற்றடிக்கு வந்திட்டன். கெதியா வாரும்" என்றார், விமானம் ஏறும் வாசலிலிருந்து.

"வர ஏலாது. நீங்கள் பக்கத்தில நிண்டால்தான் நான் உங்கட மனிசியாம். வெளியில வாங்கோ."

அதுவரை அந்த இளைஞர்மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே கணவர்மேல் இடம் மாறியது. வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார் அவர். அதிகாரி எங்கள் இருவரையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போர்டிங் பாஸ் தந்தார். இதை முதலே சொல்லியிருக்கலாமே என்றார் கணவர். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் விமானம் போயிருக்கும்.

மறுநாள் தாலிக்கொடியைப் பூட்ட உதவியது நான்தான். அந்த இடத்தில் வேறு யாரோ நின்றிருப்பார்கள் என்று நினைத்தபோது அழுதேவிட்டேன்.

இப்போதெல்லாம் விமான நிலையத்தில் அவர் என் பக்கத்திலேயே நடக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிக் கேட்காததை முன்பின் தெரியாத ஒருத்தி கேட்ட ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாரே என்ற ஆற்றாமைதான் எனக்கு இன்னும் தீரவில்லை.