மலைமேல் வெஜிடபிள்

போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கடையின் மாடியில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். தப்பை நான் சொல்ல மாட்டேன் என்பதுதான் அங்கே சட்டம். பேசுவதைப் போனில் பதிந்து திருப்பிப் போடுவேன். பேசியவரே கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தவர் தப்பென்றால் வகுப்பே சிரிக்கும். தன் முதுகு மட்டும் எவருக்கும் தெரியாது.

அங்கே வரும் ஒரு பெண் கல்லூரி முடித்தவள். வேறு வேலை கிடைக்காமல் அம்மாவோடு ஜீப்பில் போடிமெட்டு மலையேறி, எஸ்டேட் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வகுப்புக்கு வருவாள். ஏலக்காயை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்று அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அது கிடைத்தால் ஜீப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன்.

"மை மதர் இஸ் டேக்கிங் வெஜிடபிள் இன் மவுண்டன்."

எங்கள் பக்கம் வெறுமனே காய் என்றால் ஏலக்காய்தான். காய் எடுக்கப் போகிறாள் என்றால் ஏலக்காய் பறிக்கப் போகிறாள் என்று அர்த்தம். அதைத்தான் அப்படியே கத்தரிக்காய்க் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

போட்டுக் காட்டினேன். 'டேக்கிங்'கைப் 'பிக்கிங்' ஆக்கினாள். மறுபடி போட்டேன். 'இன்'னை 'ஆன்' ஆக்கினாள். வெஜிடபிள் மட்டும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

"எல்லாம் சரியாத்தானக்கா இருக்கு?"

அந்த வாரம் முழுக்க இதே கதை. கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம்மா, ஒங்கம்மா பறிக்கிற வெஜிடபிளச் சாம்பார்ல போடுவியா?"

விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வகுப்பில் அடைமழையாகப் பேசும் இன்னொருத்தி உண்டு; அவள் அம்மாவும் காய் எடுப்பவள்தான். தன் குரலைப் போட்டுக் காட்டினால் தலையாட்டி ரசிப்பாள். அதில் ஒரு தப்பும் அவள் கண்டதில்லை. அதே நேர்முகத்துக்கு அவளும் போனாள்.

முடிந்த அன்று சாயங்காலம் இவள் மட்டும் வந்தாள்.

"பழக்கத்துல வெஜிடபிள்னு வந்துருச்சுக்கா. ஒடனே நானே நிறுத்தி, சாரி, கார்டமம்னு மாத்திச் சொன்னேன்."

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. இதற்காகத்தானே போனைத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன்.

"தடுமாறிப் பேசுனா சரிப்படாதுன்னுட்டாங்க. வேலை அவளுக்குத்தான். அவளும் வெஜிடபிள்னுதான் சொன்னாளாம். நிக்காமச் சொன்னாளாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பைப் பிடித்தவள் தடுமாறுகிறவளாம், பிடிக்காதவள் சரளமாம். இந்த லட்சணத்தில் நான் எதற்குப் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்?

"தெரியாமயே இருந்திருக்கலாமோக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், நாளைக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்டேன்.

"ஜீப்பு வெரசா எறங்குச்சுன்னா வர்றேன்க்கா."