தாழ்ந்த தோள்

வாரம் ஒரு நாள் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், மண்ணில் உருவம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன். கலைஞர்களைக் கிராமத்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. "கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டீங்க" என்று தலைமையாசிரியர் முதல் நாளே கிண்டலடித்தார். பொய்யில்லை. பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். ஆனால் அங்கே எல்லாம் அச்சு. ஒன்றைப் போலவே இன்னொன்று. என் வகுப்பில் அச்சுக்கு இடமில்லை என்று நானும் வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். மண் கைக்கு வந்ததும், வாரக்கணக்கில் ஒரே உருவத்தோடு உட்கார்ந்திருந்தாள். பொம்மைகள் அடுக்கிய பலகையைச் சுமக்கும் ஒரு பெண். இடது தோள் நன்றாகத் தாழ்ந்திருந்தது. ஏன் இப்படி என்றேன்.

"எங்கம்மா மிஸ்ஸு. கம்பெனியில பலக தூக்கித் தூக்கி தோளு அப்படி ஆயிடுச்சி. ஆண்டு விழாவுல நானே எல்லாருக்கும் சொல்லட்டுமா?"

அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பேச்சு அது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

காய்ந்த உருவங்களைச் சுட்டுத் தர ஒரு கம்பெனி சம்மதித்தது. வண்டியில் ஏற்றிவிட அம்மாக்கள் சிலர் வந்தார்கள். அவளுடைய அம்மாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் வண்டிக்காரரைக் கூட்டிவரப் போய்த் திரும்பினால், பாதி உருவங்களைக் காணோம். பலகை சுமக்கும் அந்தப் பெண்ணையும் காணோம்.

"கோணலா இருந்தத எல்லாம் தண்ணித் தொட்டியில போட்டுட்டேங்க" என்றார் அவளுடைய அம்மா, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு. "சூளைக்குப் போனா வீணுங்க. இப்பவே கரைச்சா மண்ணாவது மிஞ்சும்."

கம்பெனியில் அதுதான் வழக்கம். சுடுவதற்கு முன்பே கோணலைக் கழித்துவிடுவார்கள். பல வருடமாக அவர் கை அதைத்தான் செய்துவருகிறது.

தொட்டிக்குள் கையை விட்டேன். குழம்புதான் வந்தது. எனக்குக் கோபம் பொங்கியது. யாரைத் திட்டுவது? எதிரே நின்றவரின் இடது தோள் தாழ்ந்துதான் இருந்தது. எதைக் கரைத்தீர்கள் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் நின்ற மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவள் இன்னொரு உருவம் செய்தாள். இரண்டு தோளிலும் ஸ்கேலை வைத்து மட்டம் பார்த்தாள். துளிக் கோணல் இல்லை.

"இது யாரு?" என்றேன்.

"யாருமில்ல மிஸ்ஸு. பொம்ம."

ஆண்டு விழாவில் இதைப் பற்றிப் பேசுகிறாயா என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள்.